லிஸ்டர் பிரபுவும் இரணக்கட்டும்

வாளெடுத்து ஆட்களை மாய்த்துப் பெயர் பெற்ற மன்னர் பலருடைய சரிதங்களை நாம் கற்கின்றோம். கத்தியைக் கையிலெடுத்தும் ஆட்களைப் பிழைப்பித்துப் பெயர் பெற்றவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஜோஸப் லிஸ்டர் என்னும் ஆங்கில இரணவைத்தியர். அறுவைக்குப் பின் புண் அழுகாமல் ஆறுவதற்கு வழி கண்டவர் இவர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அவ்வழியைக் கண்டபின், தாம் இட்ட மருந்தே நோயாளியின் தோலைச் சுட்டுப் புண்ணாக்குவதைக் கண்டு, புண்ணையும் காத்துத் தோலையும் வருத்தாத ஒரு கட்டினைத் தேடி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவரும் இவரே என்பதைப் பலர் அறியார். அவ்வுழைப்பின் வரலாற்றை நம் கல்லூரி மாணவர்க்கு, விசேஷமாக வைத்தியக் கல்வியை நாடும் மாணவர்க்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

லண்டன் மாநகருக்குக் கிழக்கே, எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த அப்டன் என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி லிஸ்டர் பிறந்தார். இவருடைய பெற்றோர் குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரமற்ற உடையும், அளவான சொல்லும், உண்மை வழுவாத ஒழுக்கமும் அச்சங்கத்தாரின் அணிகலன்கள். தந்தையார் ஜோஸப் ஜாக்ஸன் லிஸ்டர் திராட்சரச வியாபாரி. பகலில் வாணிகத்தைக் கவனித்து, எஞ்சிய நேரத்தில் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து, மைக்ராஸ்கோப்பில் உருவங்களின் ஓரத்தே தோன்றும் வண்ணக் கறையையும் மங்கலையும் நீக்கும் முறையை அவர் கண்டார். அதனால் 1832-ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களோடு பின்னாளில் போர் புரியவேண்டிய மைந்தன், அவற்றைக் காட்டும் கருவியோடு விளையாடியே வளர்ந்தது ஒரு நற்பேறு எனலாம்.

அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதார்க்குப் பட்டம் பெறும் வாய்ப்பு இல்லை. ஆகவே லிஸ்டர் சமய பேதம் பாராட்டாத லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியிற் சேர்ந்து, 1847-ஆம் ஆண்டில் கலைப் பட்டமும், இடையே அம்மைநோயாலும் மனத் தளர்ச்சியாலும் வருந்தித் தேறி, 1852-ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டமும் பெற்றார். பேசுங்கால் நாக்குத் தட்டும் குறையும் இவருக்குச் சிறிது உண்டு. இக்குறைகளெல்லாம் இவருடைய ஊக்கத்தைக் குலைக்கவில்லை.

1853-ஆம் ஆண்டில் எடின்பரோ நகருக்குச் சென்று, அக்காலத்துப் புகழ்பெற்ற இரணவைத்தியரான ஜேம்ஸ் ஸைம் என்பவரிடம் பணிபுரிந்தார். சில நாள் தங்கிக் கற்க எண்ணிச் சென்றவர் பல ஆண்டுகள் தங்கலானார். 1856-ஆம் ஆண்டில் ஸைமின் மூத்த குமாரத்தி ஆக்னெஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் இல்லறத் துணையாக மட்டுமன்றி ஆராய்ச்சித் துணையாகவும் விளங்கினார். கணவர் சொல்லச் சொல்லக் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவரே. மக்கட்பேறில்லாத அவ்வில்லத்தில் ஆராய்ச்சியே குழந்தையாக வளர்ந்தது.

அக்காலத்து வைத்தியசாலைகள்

1860-ஆம் ஆண்டில் லிஸ்டர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இரணவைத்திய ஆசிரியரானார். மறு ஆண்டில் அந்நகரத்து ராயல் வைத்தியசாலையிற் புண் நோயாளர் பகுதியை ஏற்றார். அப்பொழுது அங்கிருந்த நிலையை இன்று எண்ணினாலும் உள்ளம் நடுங்கும்.

1846-ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மயக்கமருந்து வழக்கத்திற்கு வந்தமையால் அறுவையின் வேதனை ஒழிந்தது. ஆனால் அறுவையின் ஆபத்து ஒழியவில்லை. நோயாளி அலறாமையால் வைத்தியர்கள் முன்னிலும் துணிந்து அறுத்தனர். அறுத்த புண்ணோ சில நாட்களிற் சிவந்து, வீங்கி, சீழ்கொண்டு நாறும்; குளிர்சுரம் தோன்றும்; நோயாளி மாண்டுபோவான். சீழ் பிடித்தலைப் புண் ஆறும் வழியென்றே பலர் கருதினர். வைத்தியர்கள் இரத்தக் கறை படிந்த பழைய அங்கியையே அணிந்து அறுத்தனர். ஒருவன் புண்ணைக் கழுவிய கடற்பஞ்சைக்கொண்டே அடுத்தவன் புண்ணையும் கழுவினர். கிளாஸ்கோ வைத்தியசாலையில் லிஸ்டருடைய பகுதிக்கு வெளியே, 1849-ஆம் ஆண்டில் விஷபேதியால் இறந்தோரைப் புதைத்த பெட்டிகள் நிலமட்டத்திற்குச் சில அங்குலங்களுக்குக் கீழே கிடந்தமையும் பின்னர்த் தெரியவந்தது.

புண் அழுகுவதற்குக் காற்றிலுள்ள தீநாற்றமே காரணமென்றனர் சிலர். காற்றிலுள்ள பிராணவாயுவே காரணமென்றனர் வேறு சிலர். லிஸ்டரோ தாம் நாள்தோறும் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைத் தம் மனத்தில் வைத்து ஆராய்ந்தார். கால் எலும்பு முறிந்தும் மேல்தோல் கிழியாதிருப்பின், உள்ளே எத்துணைச் சிதைவிருப்பினும் அது பெரும்பாலும் அழுகுவதில்லை. அதே முறிவில் தோல் சிறிது கிழிந்து எலும்பு வெளியே தோன்றினாலோ, அழுகல் உண்டாகிக் காலை எடுக்க நேரும், அல்லது உயிரே போகும். ஒரு மெல்லிய தோலின் மறைப்பே உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது. மேலும், முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்திக் காற்று உட்புகுந்தாலும், வெளித்தோல் கிழியாதவரை அழுகல் உண்டாவதில்லை. ஆகவே காற்றன்று, சுவாச வழியில் வடிகட்டப்பட்டு நின்றுவிடும் வேறேதோ ஒன்றே அழுகலுக்குக் காரணமாதல்வேண்டும். தோல் என்பது இறைவன் மனிதனுக்கு இட்ட முதற்கட்டு என்னும் உண்மை இவ்வாறு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பாஸ்டர் காட்டிய வழி

1865-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ இரசாயன ஆசிரியரான தாமஸ் ஆண்டர்ஸன் என்பவர், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் எழுதிய கட்டுரைகளை லிஸ்டருக்குச் சுட்டிக்காட்டினார். பால் புளித்தலும், திராட்சரசம் கெடுதலும், ஊன் அழுகுதலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் செய்கையே என்றும், அவை காற்றிலுள்ள தூசியோடு வந்து சேர்கின்றன என்றும் பாஸ்டர் நிறுவியிருந்தார். அவற்றை அகற்ற வடிகட்டல், காய்ச்சல், மருந்திடல் என மூன்று வழிகள் உண்டு. மனிதன் புண்ணை வடிகட்ட முடியாது; காய்ச்சவும் முடியாது. ஆகவே மூன்றாம் வழியே எஞ்சிநின்றது.

அக்காலத்தில் கார்லைல் என்னும் ஊரில் சாக்கடை நீரின் நாற்றத்தை நீக்கக் கார்பாலிக் அமிலத்தைக் கலந்தனர். அந்நீர் பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த மாடுகளிடை முன்பு கண்ட ஒருவகைப் புழுநோயும் நீங்கிற்று என்னும் செய்தி லிஸ்டர் செவிக்கு எட்டியது. நிலக்கரித் தாரினின்று எடுக்கப்படும் அவ்வமிலத்தையே அவர் தேர்ந்தார். 1865-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செய்த முதற் சோதனை தவறியது. தவறு தம் கையாளுகையிலேயே என்பதை அவர் பின்னர் ஒளியாது எழுதினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி 11 வயதுச் சிறுவன் ஒருவன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறி அவனது இடக்கால் எலும்பு முறிந்து, தோலும் ஒன்றரை அங்குல நீளம் பிளந்திருந்தது. அத்தகைய காலை உடனே அறுத்தெடுப்பதே பலருடைய வழக்கம். லிஸ்டர் அவ்வாறு செய்யவில்லை. கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த லிண்ட் துணியைப் புண்ணின்மேல் வைத்து, பக்கங்களிற் சிம்பு கட்டி, நான்கு நாட்கள் அவிழாது விட்டார். அந்நான்கு நாளும் அவர் மனம் எவ்வாறு இருந்திருக்கும்! கருத்துப் பிழையாயின் காலோடு பையனின் உயிரும் போகும்.

நான்காம் நாள் கட்டு அவிழ்க்கப்பட்டது. சீழும் இல்லை, அழுகல் நாற்றமும் இல்லை. ஆனால் புண்ணைச் சூழ்ந்த தோல் சிவந்து எரிச்சல் கொண்டிருந்தது. அது நோயன்று, மருந்தின் சூடே என்பதை லிஸ்டர் உடனே உணர்ந்தார். அமிலத்தைத் தண்ணீரிற் கலந்து வலி குறைத்து இட்டார். அதுவும் தோலை வருத்தவே, எண்ணெயிற் கலந்து இட்டுப் பார்த்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. சிறுவன் தன் இரு காலாலும் நடந்து வீடு சென்றான்.

மருந்தும் தோலும்

மாணவ நண்பர்களே, இச்சிறுவனின் கட்டினுள்ளே லிஸ்டருடைய பிற்கால உழைப்பு முழுவதும் அடங்கியிருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து தோலையும் கொல்லும். மருந்து மெலிந்தால் கிருமி பிழைக்கும். மருந்து வலுத்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். கொப்புளித்த தோலோ கிருமிக்குப் புதிய வாசலாகும். இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பது எப்படி? வேறொருவராயின் உயிர் பிழைத்தவனுக்குத் தோலெரிச்சல் ஒரு பொருட்டோ என்று விட்டிருப்பர். லிஸ்டர் அதனைத் தம் முறையின் குறையாகவே கொண்டார்.

முதலில் அவர் கையாண்டது ஒருவகை மக்கு. கண்ணாடி பதிப்போர் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயிற் பிசைந்து செய்யும் மக்கைப் போலவே, கார்பாலிக் அமிலம் ஒரு பங்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் நான்கு பங்கும் சேர்த்துச் சுண்ணாம்புத் தூளோடு பிசைந்து, தகரத் தாளிற் பரப்பிப் புண்ணின்மேல் வைத்தார். அமிலம் எண்ணெயிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்படுமாதலின் தோலுக்குச் சூடு குறையும். ஆயினும் மக்கு கனமானது, எளிதில் உதிர்வது.

அடுத்து, 1868-ஆம் ஆண்டை ஒட்டி, அரக்கைக்கொண்டு ஒரு பூச்சுக் கட்டுச் செய்தார். அவ்வரக்கு பெரும்பாலும் நம் பாரத நாட்டுக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையிற் கட்டும் பொருள் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அரக்கில் அமிலத்தைக் கலந்தால் அது அமிலத்தைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகவே விடும். ஆனால் அரக்கு தோலோடு ஒட்டினால் எடுக்கும்போது தோலையும் பிய்க்கும். ஆகவே அதன்மேல் கட்டாபர்ச்சா என்னும் மரப்பாற்பொருளை மெல்லியதாகப் பூசி, ஒட்டாதபடி செய்தார். கட்டு இருக்கும்போது மட்டுமன்றி, எடுக்கும்போதும் தோல் நோகலாகாது என்பதில் அவருக்கு அத்துணைக் கவனம்.

இதனினும் சிறந்தது, 1869, 1870-ஆம் ஆண்டுகளில் அவர் அமைத்த காப்புப் பட்டு. எண்ணெயிட்ட பட்டுத்துணியின் இருபுறமும் கோப்பல் வார்னிஷ் பூசி, அமிலம் ஊடுருவாதபடி செய்து, நீர் அதன்மேற் பரவும்பொருட்டு டெக்ஸ்ட்ரின் என்னும் மாப்பசையையும் தடவினார். அச்சிறு துண்டை அமில நீரில் நனைத்துப் புண்ணின்மேல் நேராக வைத்து, மருந்துக் கட்டை அதற்கு மேலே வைத்தார். அவர் கண்ட நுட்பம் இதுவே: கிருமி வெளியிலிருந்து வருவது, ஆகவே மருந்து வெளியே காவல் நின்றாற் போதும். உள்ளே புதிதாக வளரும் மெல்லிய தோலை அது தொடவேண்டுவதில்லை. மருந்து இடைவிடாது தொட்டுக்கொண்டிருந்தால் கிருமியில்லாமலே புண் சீழ்கொள்ளும் என்பதையும் அவர் கண்டிருந்தார். காப்புப் பட்டின் கீழ்ப் புதுத்தோல் தடையின்றிப் பரவிற்று.

பின்னர், கனமான பூச்சுகளை விட்டு, சல்லாத் துணிக்கு வந்தார். கார்பாலிக் அமிலம், பிசின், பாரபின் மெழுகு மூன்றையும் உருக்கித் துணியில் ஏற்றி, எட்டு மடிப்பாக மடித்து, வெளிமடிப்பின் கீழே ரப்பர் பூசிய துணி ஒன்றைச் செருகினார். புண்ணிலிருந்து கசியும் நீர் நேரே வெளிப்படாமல், மருந்தேறிய மடிப்புகள் அனைத்தையும் கடந்து ஓரத்திற்கே வரவேண்டும். ஓரத்தில் நீர் தோன்றும்வரை கட்டை அவிழ்க்க வேண்டுவதில்லை. இதனால் நாள்தோறும் கட்டை அவிழ்த்துப் புண்ணையும் தோலையும் அலைக்கும் துன்பம் ஒழிந்தது.

முறையின் வெற்றி

1867-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் அவருடைய முதற்கட்டுரை வெளிவந்தது. தோல் பிளந்த எலும்பு முறிவுடையார் பதினொருவரின் விவரங்களை அதில் எழுதினார். பிழைத்தோரை மட்டுமின்றி, இறந்த ஒருவனையும், காலிழந்த ஒருவனையும் மறைக்காது குறித்தார். உறுப்பை அறுத்தெடுத்த நோயாளர் கணக்கைப் பிறகு 1870-ஆம் ஆண்டில் வெளியிட்டார். புதுமுறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதுமுறை வந்தபின், 1867 முதல் 1869 வரை, 40 பேரில் 6 பேரே இறந்தனர். எண்கள் சிறியனவேயாயினும், ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பம் என்பதை நாம் மறத்தலாகாது.

இரத்தக் குழாயைக் கட்டும் நூலிலும் அவர் கருத்துச் சென்றது. பட்டு நூலின் முனை புண்ணுக்கு வெளியே நீண்டு தொங்கிக் கிருமிக்கு வழியாவதைக் கண்டு, பிராணியின் குடலினின்று செய்த நரம்புக் கயிற்றை மருந்தில் ஊறவைத்து, உள்ளேயே கட்டி அறுத்துவிட, அது தானே கரைந்துபோகக் கண்டார்.

1869-ஆம் ஆண்டில் மாமனார் ஸைமின் பதவியை ஏற்று எடின்பரோ திரும்பினார். 1871-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் அக்குளில் தோன்றிய கட்டியை அறுத்து, ரப்பர்க் குழாயிட்டுக் குணமாக்கினார். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வைத்தியர்கள் இவர் முறையை விரைந்து ஏற்றனர். மியூனிக் நகர வைத்தியசாலையில் அழுகற்புண் கொள்ளைநோய்போல் மலிந்திருந்தது; அங்கே நுஸ்பாம் என்னும் வைத்தியர் 1875-ஆம் ஆண்டில் இவர் முறையைக் கைக்கொள்ளவே அது அகன்றது. சொந்த நாட்டுத் தலைநகரான லண்டனோ நெடுங்காலம் ஐயுற்றது. கண்ணுக்குத் தெரியாத பகைவனை நம்பாதார் சிலர். துணியும் பிசினுமாகிய சங்கடம் எதற்கென்றார் வேறு சிலர்.

1877-ஆம் ஆண்டில் லிஸ்டர் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது, எடின்பரோவில் நூற்றுக்கணக்கானோர் கேட்ட பேச்சைக் கேட்க அங்கே சிலரே வந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், தோல் கிழியாமல் உடைந்த முழங்காற் சில்லை உடைய ஒருவனுக்கு, வேண்டுமென்றே தோலைத் திறந்து வெள்ளிக் கம்பியால் சில்லைப் பிணைத்தார். அதுவரை அத்தகைய செயலைப் பெரும்பிழை என்றே வைத்தியர்கள் கருதினர். நோயாளி இறந்திருப்பின் லிஸ்டரின் பெயரும் இறந்திருக்கும். புண் சீழின்றி ஆறிற்று. எதிர்த்தோர் வாயடங்கினர்.

குறையை ஒப்புக்கொண்ட பெருமை

காற்றிலுள்ள கிருமியைக் கொல்லவேண்டி 1871-ஆம் ஆண்டு முதல் கார்பாலிக் நீரைப் புகைபோல் தூவும் கருவியொன்றை லிஸ்டர் பயன்படுத்தினார். அத்தூவல் அறுவை அறையிலுள்ளார் அனைவருடைய கண்ணையும் மூச்சையும் கையையும் வருத்திற்று. நாளடைவில் காற்றிலுள்ள கிருமியினும் கையிலும் கருவியிலும் தோலிலும் உள்ள கிருமியே பெரிதும் தீயது என்று தெளிந்து, 1887-ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டார். 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பல நாட்டு வைத்தியரும் கூடிய பேரவையில், அதனைத் தாம் பரிந்துரைத்ததற்காக நாணுவதாக வெளிப்படையாகக் கூறினார். உலகப்புகழ் உச்சியில் நிற்கும்போது தன் பிழையைத் தானே எடுத்துக்கூறுவது எளிதோ?

கட்டினைப் பற்றிய தேடலும் ஓயவில்லை. கார்பாலிக் அமிலம் விரைவில் ஆவியாவதால், 1880-ஆம் ஆண்டுகளில், நம் நாட்டு வைத்தியர் சவ்வீரம் என்று வழங்கும் பாதரச உப்பை நாடினார். அது கிருமியை நன்கு கொன்றது. தோலையும் கடுமையாகப் புண்ணாக்கிற்று. குதிரை இரத்தத்தின் தெளிநீரோடு கலந்து அதன் கொடுமையைத் தணித்துப் பார்த்தார், துணி விறைத்துவிட்டது. நவச்சாரத்தோடு சேர்த்த உப்பை முயன்றார். அது புண்ணீரிற் கரைந்து, ஓரிடத்திற் சேர்ந்து, அங்குள்ள தோலை வருத்திற்று. இறுதியில் 1889-ஆம் ஆண்டில், பாதரசமும் துத்தநாகமும் சேர்ந்த சயனைடு உப்பைச் சாயப் பொருளொன்றினால் துணியிற் பற்றச்செய்து வெளியிட்டார். அது புண்ணீரில் அரிதாகவே கரையுமாதலின், கிருமியை வளரவொட்டாது, தோலையும் சுடாது. 1865-ஆம் ஆண்டில் அச்சிறுவனின் சிவந்த தோல் கேட்ட கேள்விக்கு, இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து அவர் கண்ட விடை அது.

இதே காலத்தில் வேறோர் இடத்திலும் தோலின் வருத்தமே ஒரு நன்மைக்கு வழியாயிற்று. அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில், சவ்வீர நீரால் கை வெந்து வருந்திய செவிலி ஒருவரின் பொருட்டு, ஹால்ஸ்டட் என்னும் வைத்தியர் 1889, 1890-ஆம் ஆண்டுகளில் மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். கையைக் காக்க வந்த உறை பின்னர் நோயாளியையும் காத்தது. ஜெர்மானிய வைத்தியரோ கருவிகளையும் துணிகளையும் நீராவியிற் காய்ச்சி, கிருமியை வந்தபின் கொல்வதினும் வாராமற் காப்பதே மேலென்று நிறுவினர். லிஸ்டர் கையாண்ட மருந்துத் துணிகள் நாளடைவில் வழக்கொழிந்தன. அவர் நாட்டிய கொள்கை நிலைபெற்றது.

இறுதிக்காலம்

1892-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாரிஸ் நகரில் பாஸ்டரின் எழுபதாம் ஆண்டு நிறைவு விழா நடந்தபோது, லிஸ்டர் சென்று தம் நன்றியைச் செலுத்தினார். தளர்ந்த அம்முதியவர் எழுந்துவந்து லிஸ்டரைத் தழுவிக்கொண்ட காட்சியைக் கண்டு அவையோர் உருகினர். அடுத்த ஆண்டே இத்தாலி நாட்டில் ஆக்னெஸ் அம்மையார் நிமோனியாவால் காலமானார். அத்துணையின் பிரிவுக்குப்பின் லிஸ்டரின் வாழ்வில் ஒளி குன்றிற்று. சிறப்புகளோ தேடிவந்தன: 1895 முதல் 1900 வரை ராயல் சங்கத்தின் தலைமை, 1897-ஆம் ஆண்டில் பிரபுப் பட்டம், 1902-ஆம் ஆண்டில் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது. 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் தேதி, கெண்ட் ஜில்லாவில் வால்மர் என்னும் கடற்கரையூரில் அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வழிபாடு நிகழ்ந்தது. ஆயினும் அவர் விரும்பியபடியே ஹாம்ஸ்டெட் கல்லறையில், மனைவியாரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றைக்கு அவர் தரும் பாடம்

லிஸ்டர் எழுப்பிய கேள்வி இன்றும் முற்றும் ஒழிந்திலது. இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றி அமைக்கும் அறுவைகள் இக்காலத்தில் மலிந்துள்ளன. அவற்றிற்குப் பின் வெட்டு நன்றாக ஆறும்போதே, அதனைச் சூழ்ந்த தோலில் கொப்புளங்கள் எழுவதுண்டு. இப்பொழுது காரணம் கொடிய அமிலமன்று, கட்டின் விறைப்பே. அறுவைக்குப் பின் உறுப்பு வீங்குகிறது. நீளாத ஒட்டுப்பட்டை அவ்வீக்கத்தோடு விரிவதில்லை. ஆகவே தோலின் மேலடுக்கு ஒருபுறமும் கீழடுக்கு ஒருபுறமுமாக இழுபட்டுப் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. அது உடைந்தால் வலியும், நடைப் பயிற்சிக்குத் தடையும், கிருமி புகும் அபாயமும் உண்டாகும்.

ஆதலால் கட்டினைத் தேர்வோர் சிலவற்றை எண்ணுதல்வேண்டும். கட்டு தோலோடு நீண்டு சுருங்குவதாயிருத்தல்வேண்டும்; கசியும் நீரை உறிஞ்சவேண்டும்; தோலின் ஆவியை வெளியேற விடவேண்டும்; பல நாள் அவிழாதிருக்கத்தக்கதாயும், அவிழ்க்குங்கால் தோலைப் பிய்க்காததாயும் இருத்தல்வேண்டும். இக்காலத்து மெல்லிய பாலியுரேதேன் படலங்களும், மிருதுவான சிலிக்கோன் ஒட்டுடைய கட்டுகளும், நீரை ஈர்த்துக் கூழாகும் இழைத் துணிகளும் இந்நோக்கம்பற்றியே எழுந்தவை. எத்துணை நல்ல கட்டாயினும், இழுத்துப் பிடித்து ஒட்டினால் அதுவே கேடாகும். இழுக்காமல் மெல்லப் படியவைத்து, முழங்காலாயின் சிறிது மடக்கிய நிலையில் ஒட்டுதல் நலம். 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் அறிஞர், படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைந்து பரவுவதைப் பன்றிகளில் சோதித்துக் காட்டினார். மருந்தினின்று தோலைக் காக்கவேண்டி லிஸ்டர் வைத்த காப்புப் பட்டை இங்கே நாம் நினைவுகூரலாம். நோக்கம் வேறாயினும், வளரும் தோலை வருத்தாது விடுக என்னும் அறிவுரை ஒன்றே.

மாணவர்களே, நம்மிற் சிலர் நாளை வைத்தியராகவும் செவிலியராகவும் நோயாளியின் படுக்கையருகே நிற்பர். ஏனையோர் வேறு துறைகளிற் பிறர் குறையைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்பர். எத்துறையினும், நாம் செய்யும் உதவியே ஒருவனுக்கு வருத்தமாகாதபடி காத்தல் நம் கடமை. பெரிய தீமையை விலக்கினோம் என்னும் பெருமிதத்தில், நம் கை செய்த சிறிய தீமையைக் காணாது விடுவது எளிது. லிஸ்டர் கட்டை அவிழ்த்தபோது சீழில்லாமையை மட்டும் கண்டு மகிழ்ந்து நிற்கவில்லை. சிவந்த தோலையும் கண்டார். அவ்வாறு காணும் கண் நமக்கும் உண்டாகுமாக.